எண்பத்திரண்டு கிலோ

நாற்பது நாளும் இருபத்து மூன்று மணி நேரமும் இருந்தன. கடிதத்தைப் படித்து முடித்ததும் தராசுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அதைத்தான் முதலில் சொன்னார். வேறு யாராவது என்றால் ஒன்றரை மாதம் கிடக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அவர் முப்பத்தோரு வருடமாகத் தராசு பழுது பார்ப்பவர். எதையும் தோராயமாகச் சொல்ல அவருக்கு வாய் வராது.

"நாப்பத்தோராம் நாள் காலைல பத்து மணிக்கு வர்றாராம், புதுசா வந்திருக்கிற முத்திரை ஆய்வாளர். உரிமம் யார் பேர்ல இருக்கோ அவரே, தன் கையால, நூறு கிலோ வரைக்கும் கல்லு ஏத்திக் காட்டணுமாம். இல்லேன்னா உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டாங்களாம்."

"தன் கையாலன்னா போட்டிருக்கு?"

"அடிக்கோடு வேற போட்டிருக்கு."

அவர் மனைவி கடிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். அடிக்கோடு இருந்தது. பிறகு இரண்டு பேரும் சொல்லி வைத்தாற்போல் கடையின் மூலையைப் பார்த்தார்கள். அங்கே தாழ்வான மரப் பலகையின் மேல் ஐந்து இரும்பு எடைக்கற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் இருபது கிலோ. மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு பிடி.

ஒரு தராசைச் சரி பார்ப்பதென்றால் கற்களை ஒவ்வொன்றாக அதன் மேல் ஏற்றி, காட்டும் எண்ணைப் பார்த்து, இறக்கி, உள்ளே திருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். காய்கறிச் சந்தையிலிருந்தும் மீன் கடைகளிலிருந்தும் பார்சல் ஆபீசிலிருந்தும் வரும் தராசுகளுக்காக ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை அந்தக் கற்கள் ஏறி இறங்கும். பதினான்கு மாதங்களாக அவற்றை ஏற்றி இறக்குவது அவள்.

அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். கல் ஏற்றும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். காத்து அடிச்சா எண்ணு ஆடும் என்று வெளியே நிற்பவர்களிடம் சொல்வார் தராசுக்காரர். நகைக்கடைத் தராசுக்கு அது உண்மைதான். மீன் நிறுக்கும் தராசுக்குப் புயல் அடித்தால்தான் ஆடும். ஆனால் இதுவரை யாரும் எதிர்க் கேள்வி கேட்டதில்லை.

உரிமக்காரரும், உதவியாளர் என்று உரிமத்தில் பெயர் எழுதப்பட்டவரும் தவிர வேறு யாரும் சோதனைக் கல்லைத் தொடக் கூடாது என்று விதி. "என் பேரையும் எழுதிட்டா என்ன?" என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். "எண்பத்திரண்டுக்குக் கல்லு தூக்கப் பொண்டாட்டி வேணுமான்னு தெருவே சிரிக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

எண்பத்திரண்டு என்பதுதான் தெருவில் அவருக்கு வழங்கிய பெயர். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடையின் நூறு கிலோ மேடைத் தராசில் ஏறி நிற்பார். எண்பத்திரண்டு காட்டினால் தராசு சரி. இருபது வருடமாக அவர் உடம்புதான் அந்தக் கடையின் முதல் எடைக்கல். "இரும்பு தேயும், நான் தேய மாட்டேன்" என்பார். எண் கொஞ்சம் தள்ளிக் காட்டும் நாளில் தராசைப் பிரித்துப் போட்டு உட்காருவாரே தவிர, தன்னைச் சந்தேகப்பட்டதில்லை.

"ஷட்டர இறக்கு" என்றார் இப்போது.

"எதுக்கு?"

"பாப்போம். முதுகுக்குப் பதினாலு மாசம் ஓய்வு குடுத்தாச்சு இல்ல?"

பதினான்கு மாதத்துக்கு முன் வந்த முதுகுப் பிடிப்பு பத்தே நாளில் போய்விட்டது. போன பலம்தான் திரும்பவில்லை. அதை இரண்டு பேரும் முதுகு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர் குனிந்து முதல் கல்லைப் பிடித்தார். கல் பலகையை விட்டுக் கிளம்பியது. முழங்கால் வரை வந்து, அங்கேயே நின்று நடுங்கி, தடாலென்று இறங்கியது. அதோடு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கையை ஊன்றினார், மறு கையை ஊன்றினார், ஒருக்களித்தார். கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்த கால்கள் மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சிரிப்பு நின்றது.

அவள் பின்னால் போய் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, மூச்சை விட்டு, ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினாள். நாலு கல்லுக்கு மேல் இரண்டு கிலோ என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

ஷட்டர் சரசரவென்று மேலே போனது. அவள் தம்பி நின்றான். இரண்டு கடை தள்ளி டயர் கடை வைத்திருப்பவன். ஊரில் யார் வீட்டுக் கதவையும் தட்டித் திறக்கும் வழக்கம் இல்லாதவன்.

"என்ன மாமா, பட்டப்பகல்ல ஷட்டர இறக்கிட்டு ரெண்டு பேரும் டான்ஸா?"

"உங்க அக்கா வழுக்கி விழப் பாத்தா மாப்ள. புடிச்சேன்" என்றார் தராசுக்காரர், மூச்சு இரைக்க.

"இவளா? காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நாற்காலியத் தேய்க்கிறவ எங்க போய் வழுக்குறது?"

அவள் சேலையை உதறிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் எரிந்தன.

மறுநாளே அவரை இழுக்காத குறையாகச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ரத்தம் எடுத்தார், முழங்காலைத் தட்டினார், நடக்கச் சொன்னார், ஒரு சீட்டு எழுதி மாடியிலுள்ள உடற்பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க ஒல்லியான ஒரு பிசியோ அம்மா இருந்தார். வயது ஐம்பதுக்குக் குறையாது. அறை முழுக்கக் கைப்பிடி இல்லாத நாற்காலிகள்.

"ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கங்க. எந்திரிங்க, உக்காருங்க. முப்பது செகண்டுக்குள்ள எத்தனைன்னு பாப்போம். எந்திரிங்க!"

ஸ்டாப்வாட்ச் முடிந்தபோது தராசுக்காரர் பாதி எழுந்த நிலையில் இருந்தார். பிசியோ அம்மா ஆறு என்று எழுதப் போனார்.

"அஞ்சரைன்னு போடுங்க. ஆறாவது நான் முழுசா நிக்கல."

பிசியோ அம்மா பேனாவை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையால் அழுத்தும் ஒரு கருவியைக் கொடுத்தார். பத்தொன்பது கிலோ காட்டியது. ஆண்களுக்கு இருபத்தெட்டாவது வேண்டும் என்றார்.

"இது கடைசியா எப்ப முத்திரை போட்டது?"

"போன மாசம்தான். எந்திரிங்க, அந்த மெஷின்ல ஏறுங்க. வெறுங்காலோட."

உலோகத் தகடு பதித்த அந்த இயந்திரத்தில் ஏறியதும் 82.0 என்று எண் வந்தது. தராசுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவர் போல.

"எடை சரி" என்றார் பிசியோ அம்மா. "இப்ப கீழ ஒரு சீட்டு வரும், அதப் பாருங்க. உங்க உடம்புல கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்கும். நாப்பது வயசுலயும் எண்பத்திரண்டு இருந்தீங்களா?"

"எண்பத்திரண்டுதான். தெருவுல கேட்டுப் பாருங்க."

"அப்ப இருந்த தசைல பெரிய பங்கு கரைஞ்சு போச்சு. கரைஞ்ச அளவுக்குக் கொழுப்பு வந்து உக்காந்துடுச்சு. கூட்டிப் பாத்தா அதே எடை. அதனால வீட்டுல யாருக்கும் தெரியாது. குண்டா இருக்கிற ஆளு, பலமா இருப்பாருன்னு நெனப்பாங்க. உள்ள தாங்குறதுக்கு ஆள் இருக்காது."

தராசுக்காரரின் மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அப்போது வாய் தானாகத் திறந்தது. "ரெண்டு வருஷமா இவரு பேன்ட்ட இடுப்புல பிரிச்சு விடுறேன் மேடம். அதே பேன்ட்டத் தொடையில உள்ள புடிச்சுத் தைக்கிறேன். ஒரே பேன்ட்டு. எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"அப்ப இந்த மெஷினுக்கு முன்னாடியே உங்க தையல் மெஷின் கண்டுபிடிச்சிருக்கு" என்றார் பிசியோ அம்மா. "என்ன வேலை சார் உங்களுக்கு? உக்காந்தா, நின்னா?"

"முன்ன நின்னு. கோடவுன் தராசு, லாரித் தராசுன்னு ஏறி இறங்கிக்கிட்டே இருப்பேன். எல்லாம் எலக்ட்ரானிக் ஆனப்புறம் உக்காந்து ஒயருக்குச் சால்டர் வைக்கிறதுதான். பக்கத்துல டீ, பிஸ்கட்டு."

அவர் அந்தச் சீட்டை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பேசியபோது குரலில் கோபமே இருந்தது. "மூட்டை எடை சரியா இருக்கு. தையலும் பிரியல. உள்ள சரக்க மாத்திட்டான். முப்பத்தோரு வருஷமா இந்த மாதிரித் திருட்டு எத்தனை பாத்திருக்கேன்! சொந்த மூட்டைல நடந்திருக்கு, நான் தினமும் காலைல ஏறி நின்னு சரின்னு முத்திரை குத்தியிருக்கேன்."

"முப்பத்தொன்பது நாள்ல இவரு இருபது கிலோ கல்லு அஞ்சு தூக்கணும் மேடம்" என்றாள் அவள். "ஆகுமா?"

"தசை வளர மாசக்கணக்குல ஆகும். ஆனா இருக்கிற தசை பாதி தூங்குது. அத எழுப்பலாம். வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன். முட்டை, மீன், பயறு, பால், மூணு வேளையும் ஏதாவது ஒண்ணு தட்டுல இருக்கணும். வாரத்துல மூணு நாள் எடை தூக்கணும். மத்த நாள் நடக்கணும், நாற்காலில எந்திரிச்சு உக்காரணும். பிஸ்கட்டுக்கு டாட்டா சொல்லிடுங்க."

இவ்வளவிலும் தராசுக்காரர் காதில் விழுந்தது கொழுப்பு என்ற ஒரு வார்த்தை மட்டும்தான். கொழுப்பு போக வேண்டும், அதற்குச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். காலையில் அவள் வைத்த இரண்டு முட்டையும் அவள் முதுகைத் திருப்பியதும் மறைந்தன. மாலைச் சாப்பாட்டுக்கு வயிறு திம்மென்று இருக்கிறது என்றார். ஒன்பதாம் நாள் காலையில் மேடைத் தராசில் ஏறியவர் பழக்க தோஷத்தில் தராசைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். பிறகு ஞாபகம் வந்து கத்தினார்.

"இங்க வா! எழுபத்தொன்பது அறுநூறு! ரெண்டு கிலோ நானூறு கிராம் கொழுப்பு போயிருக்கு!"

அவளும் ஓடி வந்து பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. தெருவைக் கூப்பிட்டுச் சொல்லாத குறை. அந்தச் சந்தோஷத்தோடு மாடி ஏறினார்கள். ஏறும்போது அவர் இரண்டு இடத்தில் நின்றார்.

நாற்காலியில் ஐந்துதான் வந்தது. கை அழுத்தம் பதினெட்டு. பிசியோ அம்மா புதுச் சீட்டைப் பழைய சீட்டின் பக்கத்தில் வைத்தார்.

"எடை குறைஞ்சிருக்கு. எது குறைஞ்சதுன்னு கேட்டீங்களா? இருந்த கொஞ்ச நஞ்சத் தசையும் சேர்ந்து போயிருக்கு. என்ன சாப்பிட்டீங்க?"

தராசுக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"மறுபடியும் மூட்டையப் பிரிக்காமயே எடை போட்டிருக்கீங்க" என்றார் பிசியோ அம்மா.

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. வீடு திரும்பும் வழியில் முட்டை போன இடத்தை அவரே ஒப்புக்கொண்டார். முட்டை விசாரணை டயர் கடையில் நடந்தது.

"பதினாறு முட்டைக்கா" என்றான் தம்பி. "எட்டு நாளா. எனக்கென்ன தெரியும்? முப்பது வருஷம் கழிச்சு மாமாவுக்கு என் மேல பாசம் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"எப்படி வளந்திருக்க பாரு, வெக்கங்கெட்டவனே! அவரு தசையெல்லாம் உன் வயித்துல இருக்கு."

"அப்ப திருப்பிக் குடுத்துடறேன். இன்னைலேர்ந்து மாமா பயிற்சிக்கு நான்தான் சர்க்கிள் இன்ஸ்பெக்டர்."

முப்பது நாள் மீதி இருந்தது. அன்று மத்தியானமே அவள் காரியத்தில் இறங்கினாள். அவர் உட்கார்ந்து சால்டர் வைக்கும் முக்காலியைத் தூக்கிப் பரண் மேல் போட்டாள். வேலை மேஜையின் நாலு காலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, நின்றுகொண்டே வேலை செய்ய வைத்தாள். முத்திரைக்கு லாயக்கில்லை என்று கழித்துப் போட்டிருந்த பழைய கற்களைச் சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்தாள். இரண்டு கிலோ, ஐந்து கிலோ, பத்து கிலோ.

"இது நாற்பது கிராம் குறையும்" என்றார் தராசுக்காரர், பத்தைக் கையில் வாங்கி.

"குறைஞ்சா பரவால்ல, தூக்குங்க."

"உடற்பயிற்சி பண்றதுல கூட எனக்குக் கள்ளக் கல்லா?"

தம்பி கரும்பலகை கொண்டு வந்து மாட்டினான். டாக்டர் சொல்லியிருக்கிறார், மாமா உடம்பைத் தேற்றுகிறார் என்று தெருவுக்கு அறிவிப்பும் செய்தான். காலையில் கடை திறந்ததும் நாற்காலி நடுவில் வரும். தம்பி டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வாயருகே மைக் மாதிரி பிடித்துக்கொண்டு எண்ணுவான். முதல் வாரத்தில் ஆறு, ஆறரை, ஏழு. அரை போடுவது தராசுக்காரர்தான். மற்றவர்கள் முழுதாகப் போடச் சொன்னாலும் விடமாட்டார். தராசு கொண்டு வருகிற மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள் அவளும் எண்ண ஆரம்பித்தாள். பார்சல் ஆபீஸ் ஆள் ஒருவன், எட்டு வந்தால் மாமாவுக்கு ஒரு கிலோ மீன் என் செலவு என்றான். எட்டரை வந்தது. மீன்கார அம்மா மீனை அங்கேயே நிறுத்துக் கொடுத்தாள், தராசுக்காரர் எண்ணைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க.

கூட்டம் கலைந்த பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு நடப்பது வேறு பாடம். அங்கே வாத்தியார் அவள்.

"முதுக வளைக்காதீங்க. உக்கார்ற மாதிரி இறங்குங்க. கல்ல தள்ளி வைக்காதீங்க, காலோட ஒட்டிக்கிட்டு வரணும். மூச்ச அடக்காதீங்க, விட்டுக்கிட்டே எந்திரிங்க."

"இதெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரு இருக்கா? கல்லுதான்."

அவர் பத்து கிலோவோடு நின்றுகொண்டே அவளைப் பார்த்தார். பிறகு கல்லை மெதுவாக இறக்கி வைத்தார்.

ஒரு நாள் மாடி அறையில் பிசியோ அம்மா அதே முறையை விளக்கிக்கொண்டிருந்தபோது, "இப்படித்தானே மேடம்?" என்று அவள் குனிந்து அங்கிருந்த கனமான இரும்பு உருண்டையை எடுத்துக் காட்டிவிட்டாள். சேலை முந்தானைகூட விலகவில்லை. பிசியோ அம்மா கிட்டே வந்து அவள் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா தூக்குறீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"வீட்டு வேலைதான்" என்றாள்.

பிசியோ அம்மா நம்பவில்லை. அழுத்தும் கருவியை அவள் கையில் திணித்தார். "நல்லா அழுத்துங்க." முள் கிளம்பி முப்பத்து நாலில் போய் நின்றது. "இந்த ரூமுக்கு வர்ற பொம்பளைங்கள்ல இவ்வளவு அழுத்தினவங்கள நான் பாத்ததில்ல" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் அதை மடித்துக் கொண்டுவந்து தையல் டப்பாவில் பொத்தான்களுக்கு அடியில் வைத்தாள். யாருக்கும் காட்டவில்லை. ஊசி எடுக்கும்போதெல்லாம் ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்து நாலு வயதில் சிரிப்பு இப்படிக் காரணமில்லாமல் வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பதினோரு நாள் மீதி இருக்கும்போது அது நடந்தது. வெளியே நல்ல மழை. வாடிக்கையாளர் யாரும் இல்லை. பத்தையும் ஐந்தையும் சேர்த்துக் கட்டித் தூக்கி முடித்தவர், "இருபத ஒரு கை பாக்கட்டுமா?" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். கல் பலகையை விட்டது. கணுக்கால், முழங்கால். அங்கே நின்று நடுங்கியது.

"மூச்சு! மூச்ச விடுங்க!"

புஸ்ஸென்று மூச்சு வந்தது. கல் தொடையைக் கடந்தது. அவர் நிமிர்ந்து நின்றார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நாலு அடி நடந்து மேடைத் தராசில் கல்லை வைத்தார். 20.00.

"வந்துடுச்சு!" என்று கத்தியது அவள். மழைச் சத்தத்தையும் மீறித் தம்பி டயர் கடையிலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்தான். "என்னக்கா, ஷாக்கடிச்சுதா?" அதற்குள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை டான்ஸ் என்று அவன் சொன்னபோது மறுக்க முடியவில்லை.

அதற்குப் பின் அவர் வேகம் பிடித்துவிட்டார். தினசரி வேலையில் முதலில் ஒரு கல், பிறகு இரண்டு, மூன்று என்று தானே ஏற்றினார். பதினொன்று, பதினொன்றரை என்று கரும்பலகை ஏறியது. பேன்ட் இடுப்பில் அவள் ஒரு விரல் பிடித்துத் தைத்தாள். மாடிப்படியை நிற்காமல் ஏறினார். நான்காவது கல்லோடுதான் தகராறு. அதில் பாடம் மறந்து முதுகு வளைந்துவிடும்.

"நீ உக்காரு, நான் ஏத்துறேன்" என்றார் ஒரு நாள் பிரியமாக.

உட்கார்ந்தாள். தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டாள். கைகளை மடியில் வைத்தாள், எடுத்தாள், சேலை ஓரத்தைத் திருகினாள். சந்தோஷத்துக்கு நடுவில், காலில் சிறு கல் உறுத்துவது மாதிரி ஒன்று இருந்தது. இனிமேல் அவளுக்கு அந்த நாற்காலிதான். இத்தனை மாதம் நடந்தது நடக்காத மாதிரி ஆகிவிடும். அவருக்கு உடம்பு தேறுகிறது, இதற்குப் போய் மனசு கோணலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் போன பிறகு ஒரு கல்லைச் சும்மா தூக்கி, சும்மா வைத்தாள்.

ஆய்வு நாள் காலையில் தராசுக்காரர் குளித்துவிட்டு மேடைத் தராசில் ஏறினார். 80.90. மனைவி ஸ்க்ரூ டிரைவரை எடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள்.

"வேணாம். தராசு சரியாத்தான் இருக்கு" என்றார். "மாறினது நான்."

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ஆய்வாளர் வந்தார். இளைஞர், மூக்குக் கண்ணாடி, சத்தமில்லாத பேச்சு. ஒரு அட்டையில் படிவங்களைச் செருகியிருந்தார். தம்பி வாசலில் நின்றான். அவன் பின்னால் மீன்கார அம்மா, பார்சல் ஆபீஸ் ஆள், சும்மா போனவர்கள் நாலு பேர். அவள் பழக்கத்தில் ஷட்டரின் கொக்கியைப் பிடித்துவிட்டாள்.

"இறக்காத" என்றார் தராசுக்காரர். "திறந்தே இருக்கட்டும்."

முதல் கல் பொம்மை மாதிரி ஏறியது. 20.00. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் சார்" என்று நின்றார். ஆய்வாளர் அவசரம் இல்லை என்று தலையசைத்தார். 60.00. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

நான்காவது. குனிந்தார். முதுகு வளைந்தது. அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஆனால் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் கல்லை விட்டார். வாசலில் யாரோ ஐயோ என்றார்கள். கால்களை அகட்டி வைத்து, உட்காருவது மாதிரி இறங்கி, கல்லைக் காலோடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டார். ஏறியது. 80.00.

ஐந்தாவதுக்கு முன்னால் அவர் தொடைகள் தெரிந்தே நடுங்கின. தம்பியின் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, பதினாறு முட்டை! நெனச்சுக்கங்க!" சிரிப்பு எழுந்தது. தராசுக்காரரும் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்போடேயே இறங்கினார். கல் கிளம்பியது. முழங்காலில் நின்றது. அவள் தன்னை அறியாமல் மூச்சை நீளமாக, சத்தமாக வெளியே விட்டாள். அவருக்கு அது கேட்டது. அவரும் விட்டார். கல் மேலே வந்தது, நகர்ந்தது, அமர்ந்தது.

100.00.

வாசலில் விசில் பறந்தது. மீன்கார அம்மா கூடையைத் தட்டினாள். ஆய்வாளரே புன்னகைத்துவிட்டார். "நல்லா இருக்கு ஐயா. நூத்துக்கு நூறு. பழைய ஆளுங்க உடம்பே தனி." உட்கார நாற்காலி நகர்த்தினாள் அவள். தராசுக்காரர் உட்காரவில்லை.

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். முகவரி கேட்டார், கற்களின் முத்திரை எண்களைக் கேட்டார், எழுதினார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"உதவியாளர்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களத் தவிர சோதனைக் கல்லத் தொடுறவங்க யாராவது இருக்காங்களா? போன தடவை இல்லைன்னு இருக்கு. இப்பவும் இல்லைன்னே போட்டுடவா?"

"இல்லைன்னு போட்டுடுங்க சார்" என்றாள் அவள். பதினைந்து மாதப் பழக்கம், அவளை முந்திக்கொண்டு வந்தது.

"எங்க அக்கா கல்லாவுக்கு மட்டும்தான் சார் கை வைக்கும்" என்றான் தம்பி வாசலிலிருந்து. மறுபடியும் சிரிப்பு.

ஆய்வாளரின் பேனா காகிதத்தைத் தொட்டது. தராசுக்காரர் ஒரு எட்டு எடுத்து வைத்து, அந்த அட்டையின் மேல் தன் ஈரக் கையை வைத்தார். முகத்தின் சிவப்பு இன்னும் வடியவில்லை. அவர் ஆய்வாளரைப் பார்க்கவில்லை. திறந்த ஷட்டருக்கு வெளியே நின்ற தெருவைப் பார்த்தார், பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளைப் பார்த்தார்.

"அப்படிப் போடாதீங்க சார். அதுக்கு எனக்கு என்ன ஆனாலும் சரி. பத்து நாளைக்கு முன்ன வரைக்கும், பதினஞ்சு மாசமா இந்தக் கடையில ஒரு சோதனைக் கல்லக்கூட நான் ஏத்தல. இந்தத் தெருவுல ஓடுற அத்தனை தராசுக்கும் கல்லு ஏத்தி எறக்கினது இவதான்."